ஒவ்வொரு நாளும் ஆண்டவரோட நெருக்கமா இருக்கிறது எப்பிடி?

"சேர்ச்சுக்கு ஒழுங்காப் போறன், உபவாச ஜெபத்துக்கும் போறன், வீட்டுல பைபிள் ரெண்டு மூண்டு கிடக்கு, ஆனா ஆண்டவர் எங்கயோ தூரத்துல இருக்கிற மாதிரித்தான் இருக்கு." இந்தக் கதையை எங்கட திருகோணமலையில நான் நிறையப் பேரிட்டக் கேட்டிருக்கிறன். மெதடிஸ்ட் ஆக்கள், பாலையூற்று மாதா கோயிலுக்குப் போற ஆக்கள், சின்னச் சின்னச் சபைகளுக்குப் போற ஆக்கள் எண்டு இதில வித்தியாசம் இல்ல, எல்லாருக்கும் ஒரே ஏக்கம்தான். அதனால எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் என்ன செய்யலாம் எண்டு எழுதுறன், எல்லாத்தையும் ஒரே நாளில செய்யச் சொல்லேல்ல, வாசிச்சுப்போட்டு உங்களுக்கு ஏலுமானதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

முதல்ல கனடாவில மகன் இருக்கிற ஒரு அம்மாவை யோசிச்சுப் பாருங்கோ, எங்கட ஊர்ல ஒழுங்கைக்கு ஒரு அம்மா அப்பிடி இருப்பா. மகன் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில எடுக்கிறான். என்ன கதைக்கினம்? சாப்பிட்டியா, அங்க குளிரா, இண்டைக்கு என்ன கறி, பக்கத்து வீட்டு மாடு வந்து வாழையைத் திண்டிட்டுது, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் கதைச்சிட்டு வச்சிடுவான். ஆனா அந்த அம்மாவுக்கு மகனைப் பற்றித் தெரியாதது ஒண்டும் இல்ல, குரலைக் கேட்டே "உனக்குக் காய்ச்சலா" எண்டு கேட்டுப்போடுவா. வருஷத்துக்கு ஒருக்கா எடுத்து ரெண்டு மணித்தியாலம் அழுது கதைக்கிற பிள்ளைக்கு அந்த நெருக்கம் வராது. ஆண்டவரோடயும் இதே மாதிரித்தான் எண்டு நான் முழு மனசோட நம்புறன். நாங்கள் பெரிய கூட்டத்துக்கும் விசேஷ ஜெபத்துக்கும் காத்துக்கொண்டிருக்கிறம், அங்க போய் அழுகிறம், மனசு லேசாகுது, திங்கட்கிழமை விடிஞ்சாப் பழையபடி. கூட்டங்கள் நல்லது, நான் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா நெருக்கம் வாறது திங்கள், செவ்வாய், புதன்லதான்.

நேரத்தையும் இடத்தையும் முதல்ல முடிவு பண்ணுங்கோ

"நேரம் கிடைக்கேக்க ஜெபிப்பம்" எண்டு விட்டா ஒரு நாளும் நேரம் கிடைக்காது. அதனால முதல் வேலை, எத்தினை மணிக்கு, வீட்டுல எந்த மூலையில எண்டு தீர்மானிக்கிறது. பத்து நிமிஷம் காணும். ஒரு மணித்தியாலம் எண்டு தொடங்குறவை பெரும்பாலும் ரெண்டு கிழமையில விட்டிடுவினம், பத்து நிமிஷத்தில தொடங்குறவைதான் வருஷக் கணக்கா நிலைச்சு நிக்கிறவை, இது நான் கண்ணால பார்த்த விஷயம்.

மாற்கு முதலாம் அதிகாரம் 35ஆம் வசனத்தில இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" தனிமையான இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணினார் எண்டு இருக்கு. இந்த வசனத்தை எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு முந்தின நாள் என்ன நடந்தது எண்டு கொஞ்சம் மேல போய் வாசிச்சுப் பாருங்கோ. கப்பர்நகூமில ஜெப ஆலயத்தில போதிச்சிருக்கிறார், அசுத்த ஆவி பிடிச்ச ஒருத்தனைச் சுகமாக்கியிருக்கிறார், பேதுருவின்ட மாமியாரின்ட காய்ச்சலை மாத்தியிருக்கிறார், பொழுதுபட்ட பிறகு முழு ஊரும் நோயாளியளைக் கொண்டுவந்து வாசலில நிண்டிருக்கு. அவ்வளவு களைப்புக்குப் பிறகும் இருட்டோட எழும்பிப் போறார். பின்னால சீமோனும் மற்றவையும் தேடிக்கொண்டு வந்து "எல்லாரும் உம்மைத் தேடுகினம்" எண்டு சொல்லுகினம். வேலை குறைஞ்ச ஆள் செய்த காரியம் இல்ல இது, ஊரே தேடுற ஆள் செய்தது. எங்களையும் பிள்ளையள், மாமி, பொஸ், போன் எண்டு ஊரே தேடுது, அதால அவரின்ட இந்த விடியக்காலம் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனா எல்லாருக்கும் விடியக்காலம் ஏலாது, இதையும் வெளிப்படையாச் சொல்ல வேணும். ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்சு வாற நேர்ஸ்மார், சீனக்குடாப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போறவை, ராவு கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வாற திருக்கடலூர் அண்ணாமார், கைக்குழந்தையோட இருக்கிற தாய்மார், இவையளிட்டப் போய் நாலு மணிக்கு எழும்பினாத்தான் ஆண்டவர் கேப்பார் எண்டு சொல்லுறது பெரிய பாரத்தைத் தலையில ஏத்துற வேலை. சங்கீதம் 55இல தாவீது அந்திசந்தி மத்தியானம் எண்டு மூண்டு நேரமும் சொல்லுறார், தானியேலும் பாபிலோன்ல மூண்டு வேளை முழங்கால்ல நிண்டவர். உங்களுக்கு மத்தியானம் பிள்ளை நித்திரையாகிற நேரம்தான் வசதி எண்டா அதுதான் உங்கட அதிகாலை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லியின்ட அம்மா சூசன்னா வெஸ்லிக்கு 19 பிள்ளையள் பிறந்தது, அதில கனபேர் குழந்தையிலயே செத்துப் போச்சினம், அவ வீட்டுல தனி இடம் இல்லாம தன்ட ஏப்ரனைத் தூக்கித் தலையில போட்டு மூடிக்கொண்டு ஜெபிப்பா, பிள்ளையளுக்கும் தெரியும் அந்த நேரம் அம்மாவைக் குழப்பக் கூடாது எண்டு, இப்பிடித்தான் சொல்லுவினம். 1814இல இலங்கைக்கு வந்த மெதடிஸ்ட் மிஷனுக்கு ஒரு வகையில அந்த ஏப்ரனுக்குள்ள நடந்த ஜெபம்தான் தொடக்கம் எண்டு நினைக்கிறன்.

இடத்துக்கு வருவம். மத்தேயு 6இல அறைவீட்டுக்குள்ள போய்க் கதவைப் பூட்டு எண்டு இயேசு சொல்லுறார். எங்கட கனபேருக்குத் தனி அறை இல்ல. ஒரு பிளாஸ்டிக் கதிரை, கிணத்தடி, மொட்டை மாடி, எதுவும் சரி, ஆனா ஒவ்வொரு நாளும் அதே இடமா இருக்கட்டும், ஏனெண்டா உடம்பு பழகும், அந்தக் கதிரையில இருந்த உடன மனசு தானா அடங்கத் தொடங்கும். நடந்துகொண்டு ஜெபிக்கிறது பிடிக்கும் எண்டா டச் பே கடற்கரையில வெள்ளனப் போங்கோ, வெயில் ஏற முதல் ஆளும் குறைவு. இருந்து ஜெபிச்சா நித்திரை தூங்கி விழுற ஆக்களுக்கு இதுதான் நான் சொல்லுற வழி.

போனைப் பற்றி ஒரு சொல்லு. போன்ல பைபிள் அப் வச்சிருக்கிறது நல்லது, பஸ்ஸுக்குள்ள உதவும். ஆனா இந்தப் பத்து நிமிஷத்துக்குப் போன் மற்ற அறையில இருக்கட்டும், கையில புத்தகம் இருக்கட்டும். வசனத்தைத் தேடப் போய் மேல ஒரு மெசேஜ் வந்து விழும், அதைத் திறந்தா முடிஞ்சுது. அலாரத்துக்குப் போன் வேணும் எண்டா ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கோ.

வாசிக்கிறது

ஆதியாகமத்தில தொடங்கி ஒரே நீட்டுக்கு வாசிக்கிறன் எண்டு வெளிக்கிடுறவை கனபேர் லேவியராகமத்தில நிண்டிடுவினம். அவையளில பிழை இல்ல, தொடங்கின இடம்தான் சரியில்ல. முழு பைபிளும் 1189 அதிகாரம், ஒரு வருஷத்தில முடிக்க வேணும் எண்டா நாளைக்கு மூண்டுக்கு மேல வாசிக்க வேணும், அது பிறகு பார்ப்பம். முதல்ல மாற்கு எடுங்கோ. 16 அதிகாரம்தான், நாளைக்கு அரை அதிகாரம் வாசிச்சா ஒரு மாசத்தில முடியும். அதோட ராவில ஒரு சங்கீதம், 150 சங்கீதமும் அஞ்சு மாசத்தில ஒருக்கா முழுக்க வந்திடும்.

பழைய மொழிபெயர்ப்பின்ட தமிழ் சில பிள்ளையளுக்கு விளங்காது, "பிரவேசித்து", "உரைத்தார்" எல்லாம் கஷ்டம். அப்பிடி எண்டா கத்தோலிக்கரும் மற்றச் சபையளும் சேர்ந்து 1995இல வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பைக் குடுங்கோ, அது இப்பத்தைய தமிழ். பழசின்ட ஓசை பிடிச்சவை பழசையே வாசிக்கட்டும், நானும் அந்தக் கூட்டம்தான். தமிழ்ல புதிய ஏற்பாடு 1715இலயே தரங்கம்பாடியில அச்சில வந்திட்டுது. எங்கட பக்கம் பார்த்தா யாழ்ப்பாணத்தில பேர்சிவல் பாதிரியார் பைபிளை மொழிபெயர்க்கேக்க கூட இருந்து உழைச்சவர் ஆறுமுக நாவலர், கடைசிவரைக்கும் சைவராவே இருந்த பெரிய மனிசன், அந்த மொழிபெயர்ப்பு 1850இல வந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டு எங்கட கையில எங்கட பாஷையிலயே தந்திருக்கினம், அதைத் தூசி பிடிக்க விடுறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

சரி, எப்பிடி வாசிக்கிறது? கொஞ்சமா, மெதுவா, வாய்விட்டு. ஒரு பகுதியை எடுத்துக் காட்டுறன், யோவான் 21. இதை எடுக்கிறதுக்குக் காரணம், கடற்கரையில வளர்ந்த எங்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்க ஒரு போதகரும் தேவையில்ல.

ஏழு பேர் ராவு முழுக்க வலை போட்டு ஒண்டும் படாமல் வருகினம். கண்ணை மூடிக்கொண்டு அதை எங்கட கரையில வச்சுப் பாருங்கோ. விடியப்போகுது, வானம் வெளிறுது, வலை ஈரத்தில பாரமா இருக்கு, ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல, ஏனெண்டா மீன் படாத நாளில ஆரும் கதைக்க மாட்டினம். எண்ணெய்க் காசும் இல்ல, வீட்டுக்குப் போனா என்ன சொல்லுறது எண்டும் தெரியாது. கரையில ஒரு ஆள் நிண்டுகொண்டு, பிள்ளையள், சாப்பிட ஏதும் இருக்கா எண்டு கேக்கிறார். இல்ல எண்டு ஒரு சொல்லில மறுமொழி. வலப்பக்கமாப் போடுங்கோ எண்டு சொல்லுறார், போட்டா இழுக்க ஏலாத மீன். கரைக்கு வந்து பார்த்தா அங்க ஏற்கனவே கரிநெருப்பு, அதுக்கு மேல மீன், பக்கத்தில அப்பம். அவர் இவையளின்ட 153 மீனுக்கும் காத்துக்கொண்டு இருக்கேல்ல, தானே சமைச்சு வச்சிருக்கிறார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" எண்டு சொல்லுறார்.

இப்ப அந்தக் கரிநெருப்பில கொஞ்சம் நில்லுங்கோ. பேதுரு மூண்டு தரம் "அவரை எனக்குத் தெரியாது" எண்டு சொன்னானே, அந்த ராவும் அவன் குளிர்காய்ஞ்சுகொண்டு நிண்டது ஒரு கரிநெருப்புப் பக்கத்திலதான், யோவான் 18ஐப் பாருங்கோ. அதே மணம் இப்ப அவன்ட மூக்கில ஏறுது. சாப்பாடு குடுத்து முடிச்ச பிறகுதான் இயேசு மூண்டு தரம் "என்னில் அன்பாயிருக்கிறாயா" எண்டு கேக்கிறார். ஒரு தரமும் "ஏன் மறுதலிச்சாய்" எண்டு கேக்கேல்ல.

இதை வாசிச்சிட்டு உடன அடுத்த அதிகாரத்துக்கு ஓடக் கூடாது. நான் இந்தக் கதையில எங்க நிக்கிறன்? வெறும் வலையோட வள்ளத்திலயா, தண்ணியில குதிச்ச பேதுருவோடயா, நெருப்புக்குக் கிட்ட வர வெக்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளியா? அதை அவரிட்டச் சொல்லுங்கோ. அவ்வளவுதான், வாசிப்பு ஜெபமா மாறிட்டுது. விளங்காத வசனம் வந்தா ஒரு கோடு போட்டு வச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிட்டயோ ஃபாதரிட்டயோ கேளுங்கோ, அதில மாட்டிக்கொண்டு நிக்க வேண்டாம்.

ஜெபத்தில உள்ளதைச் சொல்லுங்கோ

எங்கட ஆக்கள் ஜெபம் எண்ட உடன குரலை மாத்திப்போடுவினம். வீட்டுல "எனக்கு ஏலாம இருக்கு" எண்டு கதைக்கிற மனிசி ஜெபத்தில "சர்வ வல்லமையும் மகத்துவமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே" எண்டு தொடங்கி அதே தொனியில முடிச்சிடுவா, உள்ளுக்குள்ள இருக்கிற பிரச்சினை வெளிய வரவே வராது. சபையில அந்தத் தமிழ் அழகு, மரியாதை, அது இருக்கட்டும். தனிய இருக்கேக்க உங்கட வாய்த் தமிழ்ல கதையுங்கோ. "ஆண்டவரே, லோன் தவணை 15ஆம் திகதி, கையில காசு இல்ல, சங்கிலியை அடகு வைக்கிறதா எண்டு தெரியேல்ல, இவருக்குச் சொன்னாக் கத்துவார், எனக்குப் பயமா இருக்கு." இது நல்ல ஜெபம். எங்கட சின்னதுகள் "இயேசப்பா, நாளைக்குக் கணக்குச் சோதினை, எனக்கு ஒண்டும் தெரியாது" எண்டு சொல்லுங்களே, அவ்வளவு நேரா இருந்தாக் காணும்.

கோவத்தையும் சொல்லலாம். 13ஆம் சங்கீதத்தில "எதுவரைக்கும்" எண்டு தாவீது நாலு தரம் கேக்கிறார், முதல் கேள்வியே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" எண்டுதான். ஆண்டவரைப் பார்த்து இப்பிடிக் கேட்ட பாட்டை வேதத்துக்குள்ளயே வச்சிருக்கு எண்டா நாங்கள் கேக்கிறதுக்கும் இடம் இருக்கு.

சொல்ல ஒண்டும் வராத நாளும் வரும். அந்த நாளுக்குத்தான் எழுதின ஜெபங்கள் இருக்கு. கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கோ, கத்தோலிக்க ஆக்கள் செபமாலையைக் கையில எடுங்கோ, ஒரு சங்கீதத்தை உங்கட ஜெபமா வாசியுங்கோ. எழுதின ஜெபம் உயிரில்லாதது எண்டு சில பேர் சொல்லுவினம், நான் ஒத்துக்கொள்ள மாட்டன், சிலுவையில இயேசுவே 22ஆம் சங்கீதத்தின்ட முதல் வரியைத்தான் சொன்னவர்.

கடைசி ரெண்டு நிமிஷம் கதைக்காம இருங்கோ. முதல்ல ரெண்டு நிமிஷமும் மனசு சந்தைக்குப் போகும், காஸ் முடியப்போகுது எண்டு ஞாபகம் வரும், பரவாயில்ல, பக்கத்தில ஒரு துண்டுப் பேப்பர் வச்சு "காஸ்" எண்டு எழுதிப்போட்டுத் திரும்பி வாங்கோ. ஒரு சீ.ஆர். கொப்பி வச்சுத் திகதியும் ஒரு வரியும் எழுதுறது இன்னும் நல்லது, என்ன கேட்டனீங்கள், எந்த வசனம் பிடிச்சது எண்டு. ஆறு மாசத்துக்குப் பிறகு அதைப் பின்னுக்குப் புரட்டேக்கதான், கேட்டதில எதெல்லாம் கிடைச்சிருக்கு, எதைக் கேட்டனாங்கள் எண்டே மறந்துபோயிட்டம் எண்டு தெரியவரும்.

பகல் நேரம்

காலமை பத்து நிமிஷம் ஜெபிச்சிட்டுப் பிறகு ராவு வரைக்கும் ஆண்டவரை நினைக்காம இருந்தா, அதை நெருக்கம் எண்டு சொல்ல ஏலாது. பவுல் "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" எண்டு எழுதினது வேலைவெட்டியை விட்டிட்டு முழங்கால்ல நிக்கச் சொல்லி இல்ல, அவரே கூடாரம் தைச்சுச் சீவிச்ச மனிசன். பாரிஸில கார்மேல் மடத்தில சகோதரர் லாரன்ஸ் எண்டு ஒருத்தர் இருந்தவர், 1691இல இறந்தவர், படிப்புப் பெரிசா இல்ல, மடத்துக்கு வர முதல் படையில இருந்து காயப்பட்ட ஆள், மடத்தில அவருக்குக் குடுத்த வேலை குசினி. அந்த வேலை அவருக்குப் பிடிக்காது. ஆனா சட்டி பானைச் சத்தத்துக்குள்ளயும் கோயில்ல முழங்கால்ல நிக்கிற மாதிரியே ஆண்டவரோட இருக்கப் பழகினவர், பெரிய பெரிய ஆக்கள் அவரிட்ட ஆலோசனை கேட்டு வந்தவை.

இதை எங்கட நாளுக்குள்ள எப்பிடிக் கொண்டுவாறது? ஏற்கனவே செய்யுற வேலையில ஒண்டைப் பிடியுங்கோ. அரிசி களையேக்க, முதல் தண்ணி ஊத்தி வெள்ளையா வரும், கையால அளைஞ்சு வடிச்சு ரெண்டாந் தண்ணி, மூண்டாந் தண்ணி தெளிஞ்சு வரும்வரைக்கும் வீட்டில சாப்பிடப் போற ஒவ்வொரு ஆளின்ட பேரையும் சொல்லி ஜெபியுங்கோ. அதுக்கு ஒரு நிமிஷமும் கூடப் போகாது. ஓட்டோ ஓடுற தம்பிமார் ஒரு ஆளை இறக்கிவிட்ட உடன அந்த ஆளுக்காக ஒரு வரி. மூதூர்ல இருந்தும் கிண்ணியாவில இருந்தும் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில ரவுனுக்கு வாறவைக்கு நல்ல நேரம் கிடைக்குது, அதில பாதியைப் போனுக்குக் குடுத்து மிச்சத்தை அவருக்குக் குடுங்கோ.

எங்கட ஊருக்கு இன்னொரு வசதி இருக்கு. இங்க ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் பாங்கு கேக்கும், விடியவும் பின்னேரமும் கோயில் மணி கேக்கும், எங்கட சேர்ச் மணியும் அடிக்கும். பக்கத்து வீட்டு முஸ்லிம் ஐயா பாங்கு கேட்ட உடன கடையைச் சாத்திப்போட்டுத் தொழப் போறதைப் பார்க்கேக்க எனக்கு அவரில பெரிய மரியாதை வரும். அந்தச் சத்தம் கேக்கிற நேரம் நீங்களும் கையில இருக்கிறதை ஒரு கணம் வச்சிட்டு "ஆண்டவரே, இரங்கும்" எண்டு சொல்லிப் பாருங்கோ. வேற மணி வைக்கத் தேவையில்ல, ஊரே உங்களுக்கு ஞாபகப்படுத்தும்.

ராவில அஞ்சு நிமிஷம்

1893இல தனி மறைமாவட்டமா வந்த திருகோணமலையில நீண்ட காலமா இயேசு சபைக் குருக்கள் வேலை செய்திருக்கினம், வயசான கத்தோலிக்க ஆக்களைக் கேட்டா அவையளைப் பற்றி நிறையச் சொல்லுவினம். அந்தச் சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் சொல்லிக் குடுத்த ஒரு பழக்கத்தை எந்தச் சபைக்காரரும் தைரியமா எடுக்கலாம். படுக்க முதல் அண்டைய நாளைத் திருப்பிப் பார்க்கிறது. முதல்ல நன்றி, அதுவும் பொதுவா இல்லாம குறிப்பா, "இண்டைக்கு மழை வர முதல் உடுப்பு எடுத்திட்டன், நன்றி" எண்ட அளவுக்கு. பிறகு நாளை எனக்கு உள்ளபடி காட்டும் எண்டு கேட்டு, காலமையில இருந்து மணித்தியாலம் மணித்தியாலமாப் பாருங்கோ. எங்க அவருக்குக் கிட்ட இருந்தன், எங்க விலகிப் போனன், ஆரோட கத்தினன். பிழைக்கு மன்னிப்பு, நாளைக்கு என்ன உதவி வேணும் எண்டு ஒரு வரி, முடிஞ்சுது.

இதில ஆரோடயாவது கோவம் எண்டு தெரியவந்தா அதை அப்பிடியே விட வேண்டாம். மத்தேயு 5இல காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால வச்சிட்டு முதல்ல போய்ச் சகோதரனோட ஒப்புரவாகு எண்டு இயேசு சொல்லுறார். காணி எல்லைப் பிரச்சினையில பத்து வருஷமாத் தம்பியோட கதைக்காம இருந்துகொண்டு, ஆண்டவர் ஏன் தூரமா இருக்கிறார் எண்டு கேட்டா மறுமொழி அந்த வேலிக்குப் பக்கத்தில கிடக்கு. ஒரு போன் எடுங்கோ.

ஒண்டும் உணராத காலம்

இது கட்டாயம் வரும், ஆருக்கும் வரும். எல்லாம் ஒழுங்காச் செய்வீங்கள், ஆனா உள்ளுக்குள்ள வறண்டு கிடக்கும். இதைப் பாவம், சாபம் எண்டு உடன முடிவு கட்டுறவையிட்ட இருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒண்டும் இல்லாமலே முடியுது, ஆனா அதைப் பாடினவன் முதல் வசனத்தில இருந்து ஆண்டவரைப் பார்த்துத்தான் கதைக்கிறான், முகத்தைத் திருப்பேல்ல.

எங்கட சனம் சண்டைக் காலத்தைக் கண்டது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சுக்குப் போற நாள், அண்டைக்குத்தான் கடல் ஊருக்குள்ள வந்தது. அதில ஆக்களைக் குடுத்தவையிட்டப் போய் ஒழுங்கா ஜெபிச்சா எல்லாம் சரியாகும் எண்டு நான் சொல்ல மாட்டன். அவையளில சில பேர் கனகாலம் ஒண்டும் பேசாம அந்தக் கதிரையில இருந்துபோட்டு எழும்பிப் போவினம், அதுவும் ஜெபம் எண்டுதான் நான் நம்புறன்.

அதோட 1 இராஜாக்கள் 19ஐ ஒருக்கா வாசியுங்கோ. எலியா சூரைச்செடிக்குக் கீழ இருந்து "போதும் கர்த்தாவே, என்ட உயிரை எடும்" எண்டு சொல்லிட்டுப் படுத்திடுறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணேல்ல. தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சிட்டு, எழும்பிச் சாப்பிடு எண்டு தட்டி எழுப்புறான். திரும்பப் படுக்க விடுறான், ரெண்டாந்தரமும் சாப்பாடு. ஓரேப் மலையில ஆண்டவரின்ட அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது 40 நாளுக்குப் பிறகு. அதனால வறட்சி எண்டா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ஒழுங்கா நித்திரை கொள்ளுறீங்களா, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா. கிழமைக் கணக்கா ஒண்டிலயும் மனம் போகேல்ல, நித்திரை வரேல்ல, சாக வேணும் மாதிரி இருக்கு எண்டா டொக்டரிட்டப் போங்கோ, ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் இருக்கு. அங்க போறதை விசுவாசக் குறைவு எண்டு ஆரும் சொன்னாக் கேக்காதேங்கோ, எலியாவுக்கு அடை அனுப்பினவர்தான் டொக்டரையும் தந்திருக்கிறார்.

தனிய இழுக்கவும் வேண்டாம். ஒரு ஆளைப் பிடியுங்கோ, சபையில உங்கட வயசுக்காரர் ஒருத்தர், கிழமைக்கு ஒருக்கா ஒரு பிளேன்டீயோட "இந்தக் கிழமை என்ன வாசிச்சனி" எண்டு கேக்கிற ஆள். ஆம்பிளையள் ஆம்பிளையளோட, பொம்பிளையள் பொம்பிளையளோட இருந்தா மனசு விட்டுக் கதைக்கலாம். குடும்ப ஜெபத்தைப் பற்றிச் சொன்னா, சுருக்கமா வையுங்கோ, ஒரு பாட்டு, நாலஞ்சு வசனம், பிள்ளையள் ஒவ்வொருத்தரும் ஒரு வரி. ரியூசன் முடிஞ்சு களைச்சு வந்த பிள்ளையை அரை மணித்தியாலம் முழங்கால்ல நிப்பாட்டினா அது ஜெபத்தை வெறுக்கத்தான் பழகும்.

இடைக்கிட நாள் தவறும். கலியாண வீடு, செத்த வீடு, காய்ச்சல், கொழும்புப் பயணம், என்னவாவது வரும். மூண்டு நாள் விட்டுப்போனா மூண்டு நாளின்டயும் சேர்த்து ஒரே மூச்சில வாசிக்கப் பார்க்காதேங்கோ, அதில களைச்சுத்தான் கனபேர் முழுசா விடுறது. திகதி போட்ட அட்டவணையையும் தொடக்கத்தில வைக்க வேண்டாம், ஒரு புக்மார்க் காணும், நிண்ட இடத்தில இருந்து அண்டைய பகுதியை மட்டும் வாசியுங்கோ. ஏன் வரேல்ல எண்டு அவருக்குப் பெரிய விளக்கம் எழுதத் தேவையில்ல, "ஆண்டவரே, வந்திட்டன்" எண்டு சொல்லிட்டுத் தொடங்குங்கோ. மாற்கு முடிஞ்ச உடன யோவான் எடுங்கோ, அது 21 அதிகாரம், அதுக்குப் பிறகு பிலிப்பியர், நாலே நாலு அதிகாரம்தான், பவுல் காவல்ல இருந்துகொண்டு எழுதினது.